உருளியில் பூ மிதக்கும் வீடு

விருந்தாளி மெச்சவேண்டும் என்றே வீட்டை அலங்கரித்துவிட்டு, விருந்தாளி படியேறியதும் அவர் எதைத் தொடுவாரோ என்று பின்னாலேயே சுற்றும் ஓர் இனம் உண்டு. தாம்பரத்துக்குக் கிழக்கே, ஆபீஸ் கடனில் மனை வாங்கி வீடு கட்டிய காலனிகளில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த இனம் நன்றாகச் செழித்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். சோபாவுக்கு உறை, உறைக்கு மேல் துண்டு. நீங்கள் எங்கே சாய்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டே சௌக்கியமா என்று கேட்பார்கள். பதில் காதில் விழாது.

சேலையூர் திரிபுரசுந்தரி இந்த இனத்தின் திலகம். வாரப் பத்திரிகை ஒன்றில் பாரம்பரிய விருந்தோம்பலைப் பற்றிய தொடரைப் படித்ததும் அவளுக்கு வேகம் பிறந்துவிட்டது. கூடத்தில் ஊஞ்சல் வந்தது. ஆடினால் சுவரில் இடிக்கும், ஆகவே ஆடக்கூடாது. செப்புக்குடம் வந்தது, தண்ணீர் ஊற்றினால் கறுத்துவிடும், ஆகவே ஊற்றக்கூடாது. வாசல் நடையில் அகலமாக ஒரு பித்தளை உருளி, அதில் தண்ணீர், தண்ணீர் முழுக்கச் சாமந்தி. கணவர் ராஜாராமன் எங்கே உட்கார்ந்து பேப்பர் படிப்பார்? கொல்லையில், துணி துவைக்கிற கல்லின்மேல். மனிதருக்குப் பழகிவிட்டது.

அவருடைய ஒரே அக்கா அபிதகுஜாம்பாளுக்குத்தான் பழகவில்லை. கூடுவாஞ்சேரியிலிருந்து ஒருமுறை வந்தவள், எண்ணெய்த் தலையோடு புது டிஸ்டெம்பர் சுவரில் சாய்ந்துவிட்டாள். சுந்தரி சிரித்த முகமாக வந்து, நாத்தனாரின் தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு செய்தித்தாளைச் செருகினாள். அபிதகுஜாம்பாள் காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போனாள். அதோடு போக்குவரத்து நின்றது.

இப்போது அந்த அக்காவின் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்க மாமா வேண்டும். மாமாவை அழைக்க அக்கா வரவேண்டும். வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். ராஜாராமன் மனைவியிடம் எதையும் கேட்கிற வழக்கமில்லாதவர், அன்று மட்டும் கேட்டார்.

"சுந்தரி, இந்தத் தடவை மட்டும் பேப்பர் வேண்டாம்."

சுந்தரிக்கும் உள்ளூர உறுத்தல்தான். பரிகாரமாக அவளுக்குத் தெரிந்ததைச் செய்தாள்: இன்னும் கொஞ்சம் அலங்கரித்தாள். கூடம் நிறைய வண்ணக்கோலம், நிலைப்படியில் மாவிலை, உருளியில் சாமந்தியை எடுத்துவிட்டு விலை அதிகமான ரோஜா.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு முற்பகல், ஸ்டேஷனிலிருந்து சகதியில் நடந்தே வந்து சேர்ந்தாள் அபிதகுஜாம்பாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். முழங்கால்வரை சேறு. மிரண்டு சுற்றுமுற்றும் பார்த்தவளின் கண்ணில் உருளி பட்டது. முகம் மெல்ல மலர்ந்தது. புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது காலை உருளிக்குள் வைத்தாள். பிறகு இடது காலை.

ரோஜா இதழெல்லாம் சேற்றுக் குழம்பில் சுழன்றது. ராஜாராமன் கண்ணை மூடிக்கொண்டார். சுந்தரி வாயைத் திறந்தேவிட்டாள். என்ன வரப் போகிறதென்று அவளுக்கே தெரியாது.

அதற்குள் நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"வரவாளுக்குக் கால் அலம்ப ஜலம் வைக்கிறதெல்லாம் யாருக்கு இப்போ தோணறது, சுந்தரி? பூ வேற போட்டிருக்கே. நான்தான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்."

திறந்த வாயை என்ன செய்வது? கூடத்துக் கோலத்தை ஒருமுறை பார்த்தாள், நாத்தனாரின் கால்விரல் இடுக்கில் ஒட்டியிருந்த இதழைப் பார்த்தாள்.

"ஜலம் போறுமாக்கா? இன்னும் கொஞ்சம் விடட்டுமா?" என்றாள்.

உள்ளே ஓடி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து, குனிந்து, தானே ஊற்றினாள். அன்று அபிதகுஜாம்பாள் எங்கே சாய்ந்தாள், கோலத்தை எத்தனை தரம் மிதித்தாள் என்பதெல்லாம் சுந்தரிக்குத் தெரியாது. சமையலறையில் இருவரும் பேசிக்கொண்டே இருந்ததில் ரசம் பொங்கி வழிந்தது. ராஜாராமன் யாரையும் கேட்காமல் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

தையில் அவர் பெண்ணைத் தோளில் தூக்கினார், மூச்சு வாங்கினாலும் இறக்கவில்லை. கல்யாணப் பந்தலில் அக்கா பரப்பிய புகழால், அதன்பின் சேலையூருக்கு வந்த உறவுக்காரர்கள் ஒருவர் விடாமல் உருளியில் கால் வைத்தார்கள். சுந்தரி திருந்திவிட்டாளா? பக்கத்து வீட்டுச் சரோஜினியிடம், எங்கள் பிறந்தகத்தில் தலைமுறை தலைமுறையாக இதுதான் வழக்கம் என்று சொல்லிவிட்டாள். கால் துடைக்கப் பூவேலை செய்த துவாலை ஒன்றும் வாங்கி மாட்டினாள். அதில் யாரும் துடைக்கக்கூடாது.

நல்லவேளை, நாமெல்லாம் அப்படி இல்லை என்கிறீர்களா? சரிதான். உங்கள் வீட்டு ஷோகேஸில், யாரோ பெரிய மனிதர் வரும் நாளுக்காகப் பூட்டி வைத்திருக்கிறீர்களே பீங்கான் கப்புகள், அவற்றில் இதுவரை யார் காப்பி குடித்திருக்கிறார்கள்?