கட்டை குரைச்சா அவுட்டு

இப்ப சொல்லப்போறது அத்தனையும் நிஜம். ஒரு வார்த்தை பொய்யா இருந்தா என் நாக்குல நானே இஸ்திரி போட்டுக்கறேன்.

எங்க தெருமுனையில ஒரு இஸ்திரிக்காரர். மனுஷனுக்கு ரெண்டு பைத்தியம். ஒண்ணு நாய், இன்னொண்ணு வேகநடைப் போட்டி. மீசை முளைக்கறதுக்கு முந்தியே நடக்க ஆரம்பிச்சவர், மீசை நரைச்சும் நிறுத்தல. அவரோட நடந்து நடந்து எத்தனையோ நாய் கிழமாகி மூலையில படுத்துருச்சு. அவர் படுக்கல.

வேகநடைன்னா சும்மா நடக்கறதில்ல. ஓடற வேகத்துல நடக்கணும், ஆனா ஓடிரக் கூடாது. ரெண்டு காலும் ஒண்ணா தரையை விட்டா தப்பு. முன்னால வைக்கற காலு முட்டி மடங்கினா தப்பு. மூணு நடுவரும் ஆளுக்கொரு சிவப்பு அட்டை காட்டிட்டா, வெளியே நின்னு வேடிக்கை பாக்க வேண்டியதுதான். அதனால இடுப்பு ஒரு பக்கம் இழுக்கும், தோள் ஒரு பக்கம் இழுக்கும். பின்னாலேர்ந்து பாத்தா, அவசரமா கக்கூஸ் தேடற வாத்து மாதிரியே இருக்கும்.

வருஷா வருஷம் பேக்கரிக்காரர்தான் முதல், இவர் ரெண்டாவது. வீடு பூரா ரெண்டாம் பரிசுக் கோப்பை. ஒண்ணுல பொத்தான் கிடக்கும், ஒண்ணுல கரண்டி நிக்கும்.

ஒருநாள் விடியக்காலை, டம்ளரை டொக்குன்னு வெச்சார்.

"இந்த வருஷம் நான்தான் முதல்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க," வீட்டுக்காரம்மா கொட்டாவி விட்டாங்க.

"அது ஆசை. இது முடிவு."

"முடிவெடுத்தவரு டீயையும் எடுத்துக் குடிங்க. ஆறுது."

பாவம் அந்தம்மா. கல்யாணம் ஆன நாளா கோழிக்கு முந்தி எந்திரிச்சு டீ போடறாங்க. டீயோட விட்டாரா? சைக்கிள்ல பக்கத்துலயே வந்து, காலு தூக்குதான்னு பாத்துச் சொல்லணும்.

"தூக்கினீங்க."

"தூக்கல."

"பறந்தீங்க. காக்கா ஒண்ணு வழிவிட்டுப் போச்சு."

இந்தச் சண்டை முத்தித்தான் ஒருநாள் சைக்கிளைச் சாத்திட்டாங்க. அவர் கட்டையைப் பழக்கினார். கட்டைன்னா நாய். காலு இருக்குதான்னு குனிஞ்சு பாக்கணும், அவ்ளோ குட்டை. ஆனா அதோட கண்ணு நம்ம முட்டிக்குக் கீழதான இருக்கு? காலு தரையை விட்டா அதுக்குத் தப்பாது. அவர் வேணும்னே குதிப்பார், அது குரைக்கும், பிஸ்கட் குடுப்பார். கொஞ்ச நாள்ல பிஸ்கட் இல்லாமலே குரைக்க ஆரம்பிச்சது. பஸ்ஸைப் பிடிக்க ஓடறவங்க, கயிறு தாண்டற புள்ளைங்க, யாரையும் விடல.

அப்பத்தான் அவருக்கு அந்த யோசனை வந்துச்சு.

"ஏம்மா, பேக்கரிக்காரன் ஜெயிக்கறானே, எப்படி?"

"வேகமா நடக்கறாரு."

"திருட்டுத்தனமா ஓடறான். நடுவர் கண்ணுல மண்ணைத் தூவறான். நீ கட்டையைப் பிடிச்சுக்கிட்டு கடைசித் திருப்பத்துல நடுவர் பக்கத்துல நில்லு. அவன் காலைத் தூக்குவான், கட்டை குரைக்கும், நடுவர் திரும்புவார், அட்டை விழும். எப்படி?"

"நிக்கறேன். கட்டை யாரைப் பாத்துக் குரைச்சாலும் என்னைக் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன். நான் ஜெயிச்சா கட்டைக்கு ஒரு ஜோடி வாங்கணும். கன்னுக்குட்டி சைஸ்ல ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன்."

அந்தம்மா கட்டிலைப் பாத்தாங்க. ஏற்கெனவே பாதிக் கட்டில் கட்டைக்கு.

"தோத்தா?"

"தோத்தாத்தான?"

"தோத்தா, சாகற வரைக்கும் காலை டீ நீங்க போடணும். மூஞ்சியில வெயில் அடிக்கற வரைக்கும் நான் தூங்குவேன்."

"சரி," கையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டார் மனுஷன்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். முன்ன ஒரு தடவை இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்து, ஒரு மாப்பிள்ளையோட கால்சட்டையில பின்பக்கம் பெட்டி சைஸுக்கு ஜன்னல் வெச்சுட்டார். அதுலேர்ந்து அவருக்கு ஒரு பயம். கடையைப் பூட்டி நாலு எட்டு வெச்சு, திரும்பி வந்து சுவிட்சைப் பாப்பார். மறுபடி போவார், மறுபடி வருவார்.

போட்டி அன்னிக்கு அந்தம்மா சொன்னாங்க, "நீங்க முன்னாடி போங்க. கடையை நான் பூட்டிட்டு வரேன்."

என்னடா இவ்ளோ கரிசனம்னு அவர் யோசிச்சிருக்கணும். யோசிக்கல.

போட்டி ஆரம்பிச்சாச்சு. மைதானத்தைச் சுத்திச் சுத்தி நடை. பேக்கரிக்காரர் முன்னால, இவர் பின்னால. கடைசித் திருப்பம் வரப்பல்லாம் இவர் கட்டையைப் பாப்பார், கட்டை பேக்கரிக்காரர் காலைப் பாக்கும். ஒரு சத்தம் வரணுமே? ம்ஹும். கொட்டாவிதான் விட்டுச்சு. இத்தனை வருஷமா திருடன்னு ஏசினாரே, அந்தாளு சுத்தமா நடக்கறான்.

இவருக்குத்தான் முட்டி மடங்குதுன்னு ரெண்டு நடுவர் ரெண்டு சிவப்பு அட்டை காட்டிட்டாங்க. மிச்சம் இருந்தது கடைசித் திருப்பத்து நடுவர் ஒருத்தர்தான்.

வேற ஆளா இருந்தா விட்டுட்டுப் போயிருப்பான். இவர் பல்லைக் கடிச்சார். கையை வீசினார். இடுப்பை அப்படி ஒரு திருகு திருகினார். ஒவ்வொரு அடியா ஒட்டி, ஒட்டி, கடைசிச் சுத்துல பேக்கரிக்காரரைத் தாண்டியே தாண்டிட்டார். சத்தியமா. ஜனம் விசிலடிக்குது. நடுவர்கூட பின்னால வர்ற பேக்கரிக்காரரைத்தான் பாத்துக்கிட்டு இருக்கார். கோடு கண்ணுக்குத் தெரியுது. கன்னுக்குட்டி சைஸ் நாய் மனசுக்குள்ள வாலாட்டுது.

திருப்பத்துல நின்ன வீட்டுக்காரம்மா, அடுத்த வீட்ல உப்பு கேக்கற குரல்ல கேட்டாங்க.

"ஏங்க, இஸ்திரிப் பெட்டியை அணைச்சீங்களா?"

அவ்ளோதான். மூளைக்கு முந்தி காலுக்குக் கேட்டுருச்சு. கடை இருக்கற திசையில நாலு தாவு தாவிட்டார்.

"லொள்."

நடுவர் திரும்பினார். அட்டை மேல போச்சு.

பேக்கரிக்காரர் சாந்தமா கோட்டைத் தாண்டினார். இவருக்கு இந்தத் தடவை ரெண்டாம் பரிசுகூட இல்ல.

மூச்சு வாங்க வந்து நின்னார். "பெட்டி?"

"நீங்கதான் அணைச்சீங்க. நான் பாத்தேனே."

"அப்புறம் எதுக்குடி கேட்டே?"

"சும்மா கேட்டேன். பொண்டாட்டி பேசக்கூடாதுன்னு போட்டியில சட்டம் இருக்கா?"

அவர் கட்டையை முறைச்சார். அது பிஸ்கட்டுக்காக வாயைப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு. என்ன பண்ணுவார், குடுத்தார். சரியாத்தானே குரைச்சிருக்கு.

மறுநாள் இருட்டோட எந்திரிச்சு அடுப்புல பால் வெச்சார். அந்த நேரத்துல வாசல்ல நின்னு இடுப்பு வேற திருகிப் பாக்கறார், அடுத்த வருஷத்துக்காம். பால் புஸ்ஸுன்னு பொங்கற சத்தம். சமையக்கட்டைப் பாத்து ஓடினார்.

"லொள்."

போர்வைக்குள்ளேர்ந்து குரல் வந்துச்சு: "ஓடாதீங்க. நடந்து போய் அணைங்க."

கதை முடிஞ்சது. சொன்ன வாய்க்கு ஒரு டீ, கட்டைக்கு ஒரு பிஸ்கட், எடுத்து வையுங்க. குடுக்காம நழுவலாம்னு மட்டும் பாக்காதீங்க, அது உங்க காலைத்தான் பாத்துக்கிட்டு இருக்கு.