மாறாத ஆட்கள் தேவை

"அண்ணே, என் வயித்துல அடிக்காதீங்க! போன தடவை எழுதுன பதிலையே எழுதுங்க."

ஆராய்ச்சி மாணவி கெஞ்சினாள். அச்சகத்து பைண்டர் தொந்தியைத் தடவிக்கொண்டார்.

"பொய் எழுதச் சொல்றியாம்மா? மனசு மாறிடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

எடை குறைப்பவர்களின் மனம் எப்படி மாறுகிறது என்று அளக்கும் கேள்வித்தாளை அவள் உயிரைக் கொடுத்துத் தயாரித்திருந்தாள். அது சரியாக அளக்கிறதா என்று பார்க்க, எடை குறைக்கும் எண்ணமே இல்லாதவர்களிடம் சில வார இடைவெளியில் இருமுறை கொடுக்க வேண்டும். பதில்கள் ஒத்துப்போனால் முனைவர் பட்டம். இல்லையென்றால் இத்தனை வருட உழைப்பும் அம்போ.

அதற்காகத்தான் அச்சகத்தின் சாப்பாட்டுப் பிரியர்களாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தாள். 'பிடித்த உணவு எதிரே இருந்தாலும் வேண்டாமென்று சொல்ல முடிகிறது' என்பதற்கு அன்று எல்லோரும் 'ஒருபோதும் இல்லை' என்றார்கள். இன்று ஒருவர் விடாமல் 'எப்போதும்'!

தன் வழிகாட்டிப் பேராசிரியைக்குப் போன் போட்டாள்.

"எல்லாரும் ரகசியமா டயட்ல இறங்கிட்டாங்க போல. நல்லா சாப்பிட வச்சு இன்னொரு தடவை குடு."

மாணவி அச்சகக் கேன்டீனுக்கு ஓடினாள். அதை நடத்துபவர் மேனேஜரின் மச்சான். அங்கே அவர் வைத்ததுதான் சட்டம்.

"அண்ணே, இந்த வாரம் பூரா இவங்களுக்கு என் செலவுல டபுள் சாப்பாடு போடுங்க."

"அள்ளிப் போட்டுடறேன்மா!" அவருக்கு வாயெல்லாம் பல்.

அடுத்த வாரம் பைண்டரின் பேண்ட் தொளதொளத்து, இடுப்பில் நிற்க மறுத்தது. மிஷின்மேன் கையெடுத்துக் கும்பிட்டார். "என்ன வேணா கேளுங்க மேடம், சாப்பாட்டுப் பேச்சை மட்டும் எடுக்காதீங்க!"

மூன்றாம் முறையும் எல்லாத் தாளிலும் 'எப்போதும்'தான். போனில் மாணவி அழுதேவிட்டாள். பேராசிரியை துள்ளிக் குதித்தார்.

"அடி அசடே, எதுக்கு அழறே? கேள்வியைப் படிச்சதுமே ஆளுங்க மாறிடறாங்கன்னா, நீ கண்டுபிடிச்சது அளவுகோல் இல்ல, மருந்து! பட்டம் என்ன, பரிசே கிடைக்கும்!"

மாணவிக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் வேலையாகக் கேன்டீன்காரருக்கு நன்றி சொல்லப் போனாள்.

"ரொம்ப சந்தோஷம்மா," என்றார் அவர், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு. "நீ முதல் தடவை கேள்வித்தாள் குடுத்துட்டுப் போன மறுநாளே சமையல்காரர் வேலையை விட்டு நின்னுட்டார். அன்னையிலருந்து நானேதான் சமைக்கிறேன். ஆனா பாரு, இங்க ஒருத்தருக்கும் பசியே எடுக்க மாட்டேங்குது!"