ஓடக்கூடாத வேகக் கார்

அதிவேகச் சின்னக் கார் உரிமையாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வழக்கம்போல் இனிதே தொடங்கியது. கார்கள் எல்லாம் லாரியில் வந்து இறங்கின. நாங்கள் பஸ்ஸில் வந்து இறங்கினோம்.

சிரிக்காதீர்கள். இது லேசுப்பட்ட கார் இல்லை. சின்னக் காருக்குள் பெரிய எஞ்சினைத் திணித்து, கம்பெனி கொஞ்சம் பேருக்கு மட்டும் விற்ற ரகம். கிளப்பினால் பறக்கும் என்பது ஐதீகம். ஓட்டினால் மீட்டர் ஏறும், மீட்டர் ஏறினால் மதிப்பு இறங்கும். ஆகவே வேகத்தைப் போற்றும் எவரும் வண்டியைக் கிளப்பலாகாது என்பது சங்கத்தின் முதல் விதி.

அன்று குற்றவாளிக் கூண்டில் நின்றது என் கார். என் மனைவி அதைத் தினமும் ஆபீசுக்கு ஓட்டிப் போகிறாளாம். டயரில் மண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்தவர் செயலாளர், தொழிலில் பல் டாக்டர். நிரூபணமானால் சங்கத்திலிருந்து நீக்கம். என்னையும் ஒரு மனுஷனாக மதித்து உட்கார வைத்துப் பேசுகிற இடம் அந்தச் சங்கம் ஒன்றுதான்.

"வண்டி ஓடிச்சா இல்லையா?" என்றார் தலைவர்.

"யாராவது கண்ணால பாத்தீங்களா?" என்றேன்.

தலைவர் பதில் சொல்ல வாயைத் திறந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

லாரிகள் போய்விட்டன. ஆம்புலன்ஸ் வர நேரமாகுமாம். சுற்றிலும் உலகத்திலேயே வேகமான சின்னக் கார்கள்.

"என் வண்டில பேட்டரியைக் கழட்டி வீட்ல வெச்சிருக்கேன்" என்றார் செயலாளர்.

"பெட்ரோல் ஊத்தினா டேங்க் கெட்டுடும்னு நான் ஊத்தறதே இல்லை" என்றார் பொருளாளர்.

இன்னொருவர் சீட்டின் பிளாஸ்டிக் உறையைத் தடவிக்கொடுத்தார். "தலைவருக்கு வேர்க்குதே" என்று கவலைப்பட்டார்.

என்னோடு பஸ்ஸில் வந்திருந்த என் மனைவி கையை நீட்டினாள். "சாவி."

நான் யோசித்தேன். அவள் யோசிக்கவில்லை, என் சட்டைப் பையிலிருந்து உருவிக்கொண்டாள். தலைவரைப் பின்சீட்டில் கிடத்திக் கிளப்பினாள். வண்டி பறந்தது. அந்தச் சத்தத்தைச் சங்கத்தார் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டார்கள். பொருளாளர் அழுதேவிட்டார்.

தலைவர் பிழைத்துக்கொண்டார். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் ஆஸ்பத்திரி அறையிலேயே செயற்குழு கூடியது.

"சாட்சி வேணும்னு கேட்டாரே, நானே சாட்சி" என்றார் தலைவர். "உள்ள படுத்திருந்தேன். வண்டி ஓடிச்சு. அருமையா ஓடிச்சு."

வண்டியைச் சங்கத்திலிருந்து நீக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். காரைத்தானே நீக்குகிறார்கள், என்னை இல்லையே.

கூட்டம் முடிந்ததும் தலைவர் வாசலில் நின்ற என் மனைவியைக் கூப்பிட்டார். "ஏம்மா, அந்த வண்டியிலயே என்னை வீட்ல விட்டுடறியா?"

"வாங்க சார்."

நாங்கள் கீழே போய்ச் சேர்வதற்குள் செயலாளர் ஓடிப்போய் முன்சீட்டைப் பிடித்துவிட்டார். தலைவருக்குத் துணையாகப் பொருளாளரும் இன்னொருவரும் பின்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு எடம்?"

மனைவி வண்டியைக் கிளப்பினாள். "நீங்களும்தானே கை தூக்கினீங்க? பஸ் அந்தப் பக்கம் வரும்."