படத்தில் பெயர் தெரிகிறது

ஃப்ரிட்ஜின் நெற்றியை அவர் ஸ்பூனால் சுரண்டிக்கொண்டிருந்தபோது மனைவி ஈரக்கையோடு வந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"பேரை எடுக்கறேன்."

"அது என்ன பாவம் பண்ணிச்சு?"

"படத்துல பேரு தெரியுதாம். திருப்பி அனுப்பிட்டான்."

அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். போன வாரம் வாஷிங் மெஷின் வாங்கப் போய், கேமராவோடு வீடு திரும்பினார். இணையத்தில் ஒரு தளம் இருக்கிறது, படம் எடுத்து அனுப்பினால் போதும், விளம்பரத்துக்கோ புத்தகத்துக்கோ உலகத்தில் யாராவது வாங்கிக்கொண்டே இருப்பார்கள், மெஷின் என்ன, மெஷின் கடையையே வாங்கலாம் என்றார். மனைவி துணி வாளியைத் தூக்கிக்கொண்டே கெடு வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரே ஒரு படத்தை அவங்க ஏத்துக்கட்டும். இல்லேன்னா கேமரா வெளியே, மெஷின் உள்ளே."

ஏழு படங்கள் போயிருந்தன. ஏழுக்கும் ஒரே பதில். படத்தில் பெயர் தெரிகிறது, நீக்கிவிட்டு அனுப்பவும்.

"கம்பெனி பேரு இருந்தா அடுத்த கம்பெனிக்காரன் எப்படி வாங்குவான்? நியாயம்தானே?" என்றார்.

"நியாயம்தான். நெத்தியில காயம் ஃப்ரிட்ஜுக்கு."

காயம் ஆறுவதற்குள் எட்டாவது படம் போனது. சாயங்காலம் பதில் வந்தது. படத்தில் பெயர் தெரிகிறது.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து அலமாரியில் டப்பாக்கள், பாட்டில்கள், ட்யூப்கள். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் பெயர். வெந்நீர் வைத்து லேபிள்களை ஊறப்போட்டு உரித்தார். ட்யூப்களைப் பெயிண்ட் தின்னர் விட்டுத் துடைத்தார். வீடே துறவு பூண்டதுபோல் வெள்ளையாக நின்றது.

மறுநாள் காலை, உடன் இருக்கும் மாமனார் குளியலறையிலிருந்து வெளியே வந்தார்.

"மாப்ளே, இதுல முட்டிக்குத் தேய்க்கறது எது, பல்லுக்குத் தேய்க்கறது எது?"

"மோந்து பாருங்க மாமா."

"அதை இப்ப சொல்லுங்க. வாயெல்லாம் பத்திக்கிட்டு எரியுது."

"ஐயையோ! கொப்பளிங்க!"

"கொப்பளிச்சாச்சு. பல்வலி போயிருச்சு. முட்டியிலதான் நுரை நிக்க மாட்டேங்குது."

கொல்லைப்பக்கமிருந்து மனைவியின் குரல் வந்தது.

"சோப்புத்தூள்னு எடுத்தேன், மைதா. உங்க சட்டையெல்லாம் கஞ்சி போட்ட மாதிரி தானா நிக்குது. வந்து கூட்டிட்டுப் போங்க."

அவருக்கு அது காதில் விழவில்லை. மேசையைத் துடைத்து, நடுவில் எவர்சில்வர் கெட்டிலை மட்டும் வைத்து ஒரு படம் எடுத்தார். அனுப்பினார். படத்தில் பெயர் தெரிகிறது.

கடையிலிருந்து பூதக்கண்ணாடி வந்தது. படத்திலிருந்த கெட்டிலின் வயிற்றை அங்குலம் அங்குலமாக மேய்ந்தார். உள்ளே, கோணலாக, கேமராவைப் பிடித்தபடி அவரே நின்றிருந்தார். கேமராவின் நெற்றியில் அரிசியளவு எழுத்து, இடம் வலம் மாறி.

"கண்டுபிடிச்சுட்டேன்!"

"யாரை?" என்றார் மாமனார்.

இருபது வருடம் ஊராரைக் கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரியைப் படிக்க வைத்தவர். இந்தப் பொடி எழுத்து அவரிடமிருந்து தப்ப முடியுமா? உப்புத்தாளை எடுத்துக் கேமராவைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"புதுக் கேமராங்க!"

"படம் எடுக்கறது லென்ஸு. பேரு சும்மா ஒட்டிக்கிட்டு வருது."

படத்தில் பெயர் தெரிகிறது.

சனிக்கிழமை. ஹாலில் காலண்டரை எடுத்தார். கடிகாரத்தை எடுத்தார். ஆணியையும் பிடுங்கினார். வெறும் வெள்ளைச் சுவர். அதைப் படம் பிடித்தார்.

"இதுல என்ன குத்தம் சொல்றான்னு பாத்துடறேன்."

பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டான். படத்தில் பெயர் தெரிகிறது.

அவர் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவந்தார்.

"இப்ப எதை?" என்றாள் மனைவி.

"செங்கல்லை. சூளையில ஒவ்வொரு கல்லுலயும் பேரு குத்தித்தான் சுடுவாங்க."

"அது பூச்சுக்கு உள்ள இருக்கு!"

"நம்ம கண்ணுக்கு உள்ள இருக்கு. அவன் மெஷின் வச்சுப் பாக்கறான்."

"விடும்மா," என்றார் மாமனார். "ஒரு கல்லைப் பாத்துட்டா மாப்ளைக்கு மனசு ஆறிடும்."

உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்தது. செங்கல் வெறுமையாக இருந்தது.

"பக்கத்துக் கல்லுல இருக்கும்."

மனைவி ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டு, போனை எடுத்துத் தெருமுனை போட்டோ ஸ்டுடியோக்காரரை அழைத்தாள். கேமரா விற்பனைக்கு என்றாள்.

ஞாயிறு காலை ஸ்டுடியோக்காரர் வந்தார். சுவரில் இருந்த பள்ளத்தைப் பார்த்தார். கேமராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தக் கம்பெனி சார்?"

"நல்ல கம்பெனி."

"பேரைக் காணோமே?"

"இந்த வீட்ல எதுக்கும் பேரு கிடையாதுங்க," என்றாள் மனைவி. "ஆனா படம் நல்லா விழும். ஏங்க, அனுப்புன படத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல காட்டுங்க."

கண்ணாடிக் கடைக்காரர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். பெண்ணை வழியனுப்பும் முகத்தோடு ஒவ்வொன்றாகத் திறந்தார். ஃப்ரிட்ஜ், அலமாரி, கெட்டில், சுவர். ஸ்டுடியோக்காரர் குனிந்து, நிதானமாகப் பார்த்தார். கெட்டிலுக்குத் தலையாட்டினார். சுவர் படம் வந்ததும் நின்றுவிட்டார்.

"வெளிச்சமெல்லாம் பிரமாதமா விழுந்திருக்கு சார். ஆனா எல்லாப் படத்துலயும் கீழ் மூலையில உங்க பேரை எதுக்கு இவ்வளவு பெருசா போட்டு வச்சிருக்கீங்க?"