நான் தள்ளப் போன முயல்

முடிவெடுத்துவிட்டேன். முயல் வாங்கினால் பண்ணையில்தான். இரண்டு மாசக் குட்டி. தாய் தகப்பன் எதிரிலேயே நிற்கும். நோய் கிடையாது என்று பண்ணைக்காரர் எழுதித் தருவார்.

"பிராணிகள் காப்பகத்துல எத்தனையோ முயல் நாதியத்துக் கிடக்கு," என்றாள் மனைவி.

"எல்லாம் அடுத்தவன் வேண்டாம்னு விட்டது. வயசானது. ரெண்டே வருஷத்துல போயிடும். போன தடவை குழி தோண்டினது யாரு? நீயா?"

பழைய முயல் போய் எட்டு மாசம். அதன் தண்ணீர்க் கிண்ணத்தை இன்னும் வாரம் ஒருமுறை கழுவுகிறேன். தூசி படியக்கூடாது, அவ்வளவுதான்.

"சரிங்க, உங்க இஷ்டம். ஆனா நாப்பது வருஷம் போல்ட் கம்பெனியில சரக்கோட தரம் பாத்தவரு நீங்க. கையில எடுத்துப் பாக்காம ஒரு போல்ட்டையாவது வேண்டாம்னு தள்ளியிருக்கீங்களா?"

ரோஷம் வந்துவிட்டது.

"கிளம்பு. அத்தனையையும் பாத்துத் தள்ளிட்டு, அப்படியே பண்ணைக்குப் போறோம்."

காப்பகத்தில் பதினோரு முயல். ஒவ்வொன்றாகத் தூக்கினேன். பல், நகம், வயிறு. ஒன்று குண்டு. ஒன்றுக்குத் தும்மல். தள்ளு, தள்ளு.

கடைசியில் ஒன்று. வயது ஆறு. ஒரே காது.

"பிறவியிலயே அப்படிங்க," என்றாள் காப்பகத்துப் பெண்.

"அது ஒரு குறையா? எனக்கும் ஒரு காதுதான் கேக்குது."

"அதுவும் நான் பேசினா கேக்காது," என்றாள் மனைவி.

தூக்கினேன். என் கக்கத்தில் மூக்கை நுழைத்துத் தூங்கிவிட்டது.

"கீழ விடுங்க. பண்ணைக்கு நேரமாச்சு."

"மெதுவாப் பேசு. தூங்குது."

"எழுப்புங்களேன்."

"மனசாட்சி இருக்கா உனக்கு?"

அரைமணி நேரம் நின்றேன். கை மரத்துப்போனது.

"தள்ளியாச்சா?"

"அவசரப்படாதே. இதை வீட்டுல வெச்சுத்தான் சரியாப் பாக்க முடியும்."

காப்பகத்துப் பெண் கையெழுத்துக்கு விண்ணப்பத்தை நீட்டினாள். ஏற்கெனவே நிரப்பியிருந்தது. மனைவியின் எழுத்து. போன மாதத் தேதி. எந்த முயல் என்ற இடத்தில், 'ஒற்றைக் காது'.

வீட்டில் வேறு பிராணி உண்டா என்று ஒரு கேள்வி. எதிரே எழுதியிருந்தாள்:

'ஒன்று. ஆண். வயது எழுபது. உறுமும், கடிக்காது.'