ராகு காலத்துக்கு மூணு நிமிஷம் முன்னாடி

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஹெலிகாப்டரைத் தரையிலேருந்து தூக்கி, ஒரு நிமிஷம் அந்தரத்துல நிப்பாட்டி, பத்திரமா இறக்கணும்.

எப்பப் பாரு இந்த குரூப்ல இங்கிலீஷ்லயே எழுதுறேன்னு திட்டுவீங்களே, இந்தாங்க, தமிழ்.

ஹெலிகாப்டர்னா பயந்துடாதீங்க. ஒன்றரை முழ நீளம், ரிமோட்ல பறக்கிறது. வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனதும் வாங்கினாரு. மத்த ஆம்பளைங்க ரிட்டையர் ஆனா கோயில் கமிட்டியில சேர்ந்து சண்டை போடுவாங்க. இவரு இதை வாங்கி, சண்டையை வீட்டுக்குள்ள கொண்டாந்தாரு.

முதல் வாரமே ஒரு தடவை பறக்க விட்டாரு. விழுந்துச்சு. அன்னையிலேருந்து ரிப்பேர். எங்க? என் சாப்பாட்டு மேசையில!

பசை, திருகாணி, பேட்டரி, இறக்கை. ஆறு மாசமா கிள்ளான்ல எங்க குடும்பம் மங்குத் தட்டை மடியில வெச்சுக்கிட்டு சோபாவுல உட்கார்ந்து சாப்பிட்டுச்சு. தீபாவளிக்கு என் நாத்தனார் குடும்பத்தோட சாப்பிட வர்றாங்க. ஜன்னல் கம்பியில விரலைத் தேய்ச்சு, அந்த விரலையே எனக்குக் காட்டுற ரகம். அவங்களை சோபாவுல உட்கார வெச்சு மடியில சோறு போட்டா, நான் செத்தாலும் என்னைப் பத்தி அதைத்தான் பேசுவாங்க.

"என்னங்க, மேசை எனக்கு வேணும்."

"பறக்கக் கத்துக்கிட்டதும் ஒழிச்சுத் தரேன்."

"எப்ப கத்துக்குவீங்க?"

"இது என்ன சோறு வடிக்கிற மாதிரியா? கஷ்டம் லா. உனக்குப் புரியாது."

உனக்குப் புரியாது! பதினொரு வருஷம் கான்வென்ட்ல படிச்சவளைப் பார்த்து!

"நான் ஒரு நிமிஷம் அந்தரத்துல நிப்பாட்டிக் காட்டினா?"

சிரிச்சாரு. "மேசை உனக்கு. விழுந்துச்சுன்னா எனக்கு. தீபாவளி ஆனாலும் சரி, பொங்கல் ஆனாலும் சரி."

ஹெலிகாப்டர் கூட ஒரு சிமுலேட்டரும் வந்திருந்துச்சு. லேப்டாப்ல போடுற கேம் மாதிரி. ரிமோட்டை ஒயர்ல மாட்டினா, ஸ்கிரீன்ல இருக்கிற ஹெலிகாப்டரை ஓட்டிப் பழகலாம். விழுந்தா ஒரு பட்டன் தட்டுங்க, புதுசு ஒண்ணு வந்து நிக்கும். அதெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்குன்னு இவரு தொடவே இல்ல.

நான் தொட்டேன். தினமும் மத்தியானம், இவரு குறட்டை ஆரம்பிச்சதும்.

முதல் நாள் அது என்னென்னமோ கேட்டுச்சு. ரிமோட் குச்சியை இப்படித் தள்ளு, அப்படித் தள்ளு. அடுப்புல பருப்பு. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு தட்டி விட்டுட்டேன். பார்த்தா, வலது பக்கம் தள்ளினா ஹெலிகாப்டர் இடது பக்கம் போவுது!

திரும்ப முதல்லேருந்து செஞ்சிருக்கலாம். அதுக்குப் பொறுமை வேணும், அந்தச் சாமான் எங்க வீட்ல ஸ்டாக் இல்ல. ரிமோட்லயே சின்ன ஸ்கிரீன் இருக்கு. நோண்டினேன். 'ரிவர்ஸ்'னு ஒண்ணு இருந்துச்சு. தட்டினேன். சரியாப் போச்சு!

மூணு மாசம். ஸ்கிரீன்ல என் ஹெலிகாப்டர் ஆணியடிச்ச மாதிரி நின்னுச்சு.

அதுக்குள்ள இவரு ரிப்பேரும் ஒரு வழியா முடிஞ்சுது. அப்புறம்தான் அந்த ஞாயித்துக்கிழமை. செமினி பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு காலி நிலம், இவரு கூட்டாளிங்க பறக்க விடுற இடம். வழியெல்லாம் காடிங்க நின்னு ஜேம். அதுல இவரு ஐஸ் செண்டோல் குடிக்க வேற காடியை ஓரங்கட்டினாரு. தோக்கடிக்கிறதுக்குன்னே! போய்ச் சேரும்போது மணி நாலு இருபது.

அங்க குணான்னு ஒருத்தரு. லோரி பட்டறை வெச்சிருக்காரு. இந்த ஹெலிகாப்டர் விஷயத்துல எல்லாருக்கும் வாத்தியார் மாதிரி.

நான் கைப்பையிலேருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தேன்.

"அக்கா, இது காடி இல்ல, டயரே கிடையாது," அப்படின்னாரு குணா.

"சுத்தித்தான் போடப் போறேன்." மூணு சுத்து சுத்தி, நசுக்கி, செம்பனைப் பக்கம் வீசினேன்.

"சரி, இப்ப கன்ட்ரோல் செக் பண்ணிடலாம். மோட்டார் ஓடாம குச்சியை ஒவ்வொரு பக்கமாத் தள்ளணும், மேல இறக்கைக்கு அடியில இருக்கிற தட்டு அதே பக்கம் சாயுதான்னு பார்க்கணும். ரெண்டு நிமிஷ வேலை."

"நேரமில்ல குணா. மணி நாலு இருபத்தேழு."

"அதனால?"

"நாலரைக்கு ராகு காலம்."

"ஹெலிகாப்டருக்குமா?"

"எனக்கு!"

"எலுமிச்சம்பழத்துக்கு நேரம் இருக்கு, செக் பண்ண நேரம் இல்லையா?"

"மூணு மாசமா தினமும் பார்க்கிறேன். எல்லாம் சரியா இருக்கு."

"விடு குணா," அப்படின்னாரு வீட்டுக்காரர். "கான்வென்ட் சிஸ்டருங்களே இவகிட்ட பேசி ஜெயிச்சதில்ல."

எனக்கு ராகு காலத்துல நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனா நாத்தனார் வர்ற வருஷத்துல ரிஸ்க் எடுக்க முடியுமா?

தூக்கினேன். எழும்புச்சு! இடுப்பு உயரம். யாரோ கை தட்டினாங்க. மனசுக்குள்ள மேசை விரிப்பு விரிச்சேன். மெரூன் கலர், ஜரிகை பார்டர்.

லேசாக் காத்தடிச்சு ஹெலிகாப்டர் இடது பக்கம் சாஞ்சுது. பதறாம வலது பக்கம் தள்ளினேன். இன்னும் இடது பக்கம் சாஞ்சுது. இன்னும் வலது பக்கம் தள்ளினேன். இன்னும்!

"இடது பக்கம் தள்ளுங்கக்கா!"

"அது ஏற்கெனவே இடது பக்கம்தான் போவுது, கண்ணு தெரியலயா?"

என் விரல் பட்டன் தேடுச்சு. புதுசா ஒரு ஹெலிகாப்டர் வர வைக்கிற பட்டன். அது கிள்ளான்ல, லேப்டாப்ல இருக்கு.

ஹெலிகாப்டர் படுத்த வாக்குல தரையில விழுந்து, பாசார்ல கூடையிலேருந்து நழுவின கெளுத்தி மீன் மாதிரி துள்ளுச்சு. ஒரு இறக்கை செம்பனைக்குள்ள போச்சு. அனேகமா எலுமிச்சம்பழத்துக்குத் துணையா.

கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு இருபத்தொன்பது. நல்ல நேரத்துலயேதான் விழுந்திருக்கு.

குணா மிச்சத்தைப் பொறுக்கிட்டு வந்து, என் கையிலேருந்த ரிமோட்டை வாங்கி, குச்சியை வலது பக்கம் தள்ளினாரு. தட்டு இடது பக்கம் சாஞ்சுது.

"இது தலைகீழா இருக்கு! போன தடவை நான்தானே செட் பண்ணிக் கொடுத்தேன், அப்ப சரியா இருந்துச்சே! யாரு கை வெச்சது?"

அந்த 'ரிவர்ஸ்' ஞாபகத்துக்கு வந்துச்சு. சிமுலேட்டருக்காக நான் தட்டினது, நிஜ ஹெலிகாப்டருக்கும் தட்டின மாதிரிதான்னு அப்பதான் உறைச்சுது.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமா.

"நான்தான்," அப்படின்னாரு வீட்டுக்காரர். "ரிப்பேர் பண்ணி மாட்டும்போது வலது இடது ஒயரை மாத்திச் சொருகிட்டேன் போல."

"என்ன அண்ணே நீங்க! அக்கா எவ்வளவு அழகாத் தூக்கினாங்க!"

"பாவம்," அப்படின்னாரு இவரு.

திறந்த வாயை மூடிக்கிட்டேன்.

காடியில வீட்டுக்குக் கிளம்பினோம். காஜாங் தாண்டினதும் சொன்னாரு: "சாந்தி, உன் தப்பு இல்லம்மா. மேசையை எடுத்துக்கோ."

அன்னைக்கே ஒழிச்சுக் கொடுத்தாரு. துடைச்சும் கொடுத்தாரு! இப்ப மனுஷன் பின்கட்டுல வாஷிங் மெஷின் மேல வெச்சு ரிப்பேர் பண்றாரு. போன்ல கூப்பிடுறவங்ககிட்டயெல்லாம், "என் தப்புதான் லா, பாவம் அவ," அப்படிங்கிறாரு. இவரு குளிக்கப் போன நேரத்துல ரிவர்ஸைப் பழையபடி மாத்தி வெச்சுட்டேன். சாப்பாட்டுல தினமும் ஒரு மீன் துண்டு கூட வைக்கிறேன். மனசு என்னமோ மூணு துண்டு வைன்னுது.

சிமுலேட்டர்லேருந்து நிஜத்துக்குப் போறவங்களுக்குச் சொல்றேன்: ரிமோட்ல சிமுலேட்டருக்குத் தனி செட்டிங் வெச்சுக்குங்க, தூக்குறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் செக் பண்ணுங்க, ராகு காலமே ஆனாலும்.

அப்புறம், இதை யாரும் இங்கிலீஷ்ல மாத்திப் போட்டுடாதீங்க, என் வீட்டுக்காரருக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது.