விசில் ஊதும்வரை

இந்த இலங்கைத் தீவிலேயே ஆகக் களைத்துப்போன மனிதர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதற்பரிசு மன்னாருக்குத்தான் வரும். ஆனால் பரிசை வாங்க மேடைக்கு ஆள் வராது. விசிலக்கா கீழே கதிரையில் நித்திரையாக இருப்பார்.

அவர்தான் எங்கள் நெடுந்தூர ஓட்டக் கழகத்தின் பயிற்றுநர். நெடுந்தூரம் ஓடப் பழக்குகிறவர் என்றால் துள்ளிக்கொண்டு நிற்பார், காற்சட்டையும் தொப்பியுமாக எங்களுக்கு முன்னால் பாய்வார் என்றுதானே நினைப்போம்? விசிலக்கா தன் கால்களைக் கெஞ்சிக் கூட்டிவருவதுபோல வருவார். ஒரு கையில் நீலப் பிளாஸ்ரிக் கதிரை. கழுத்தில் விசில். முகத்தில் பாதியை மூடும் கறுப்புக் கண்ணாடி. மைதானத்தின் ஓரத்தில் கதிரையைப் போட்டு, "ஆண்டவரே" என்று அமர்ந்தால், பிறகு எழும்புவது வீட்டுக்குப் போகத்தான்.

களைக்காமல் என்ன செய்வார்? விடிய முதல் எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்கு அனுப்புவார். பகல் முழுக்க ஒரு கந்தோரில் கோப்புகளோடு வேலை. வீட்டில் மூன்று பிள்ளைகள், கடலுக்குப் போகும் கணவர், எதிலும் குறை காணும் மாமியார். எல்லோரும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவதைத்தான் எங்களுக்குக் கொண்டுவருவார். பெரும்பாலும் விசில் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஒரு விசிலுக்கு ஓடத் தொடங்கினால், அடுத்த விசில் ஊதும்வரை நிற்கக்கூடாது. எத்தனை சுற்று என்று கேட்கக்கூடாது. மனதுக்குள் எண்ணவும் கூடாது.

இது எனக்குப் பெரிய தண்டனை. அப்போதுதான் பல்கலைக்கழகத்தை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். கையில் இதயத்துடிப்புக் காட்டும் கடிகாரம், கைத்தொலைபேசி நிறைய வெளிநாட்டுப் பயிற்சித் திட்டங்கள். முதல் நாளே அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, இண்டைக்கு நாங்கள் இதயத்துடிப்பை ஒரே அளவில வச்சுக்கொண்டு..."

"தம்பி, உன்ர நெஞ்சு அடிக்குதோ?"

"ஓம் அக்கா."

"அப்ப காணும். ஓடு."

ஓடினேன். சோழகக் காற்று முகத்தில் மணலை அள்ளி வீசியது. ஒரு பக்கம் போகும்போது காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். மறுபக்கம் வரும்போது முதுகில் அடித்துத் துரத்தும். இரண்டும் ஒரே அளவு வலித்தது. விசில் வரவேயில்லை.

முன்னால் ஓடிக்கொண்டிருந்தவன் சிலாவத்துறை றிஸ்வான். ஓட்டத்தைவிட அவனுக்கு வாய் வேகம்.

"மச்சான், அக்கா நித்திரை."

"எப்பிடித் தெரியும்? கண்ணாடி போட்டிருக்கிறா."

"பக்கத்தில பார்."

பார்த்தேன். தெருவில் திரிகிற கழுதைகளில் ஒன்று கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, அக்காவின் சேலைத் தலைப்பை மெதுவாகச் சப்பிக்கொண்டிருந்தது. அக்கா அசையவில்லை. வாயில் இருந்த விசிலிலிருந்து மூச்சுக்கு மூச்சு 'பீ...' என்று ஒரு மெல்லிய சத்தம்.

"அது விசில்தானே? நிப்பமா?" என்று கேட்டேன்.

"அது ஊதினது இல்லை மச்சான். அது குறட்டை."

எழுப்ப யாருக்கும் துணிவில்லை. நித்திரையில் எழுப்பினால் அக்காவுக்குப் பொல்லாத கோபம் வரும். கோபம் வந்தால் பேச்சும் மாறிவிடும். சிறுவயதில் தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்தவர். அமைதியாக இருக்கும்போது எங்கள் தமிழ், கொதித்தால் அந்தப் பக்கத்துத் தமிழ். கடைசியில் கழுதைதான் தலைப்பைப் பிடித்து இழுத்து எழுப்பியது.

"என்னடா பண்ணிட்டிருக்கீங்க, இன்னுமா ஓடுறீங்க?" என்று துள்ளி எழுந்தார். எங்களைப் பார்த்தார், கழுதையைப் பார்த்தார், தலைப்பைப் பார்த்தார். பிறகு நிதானமாக உட்கார்ந்து எங்கள் தமிழுக்குத் திரும்பினார். "நல்லம். இண்டைக்கு இதுதான் பயிற்சி." விசிலை ஊதினார். நாங்கள் நின்ற இடத்திலேயே விழுந்தோம்.

மனப் பயிற்சியும் இருந்தது. சனிக்கிழமைகளில் எங்களைக் கடற்கரையில் வரிசையாக இருத்தி, "கடலைப் பாருங்கோ, ஒருத்தரும் கதைக்கக்கூடாது" என்பார். அடுத்த நிமிடம் அவரது தலை சரியும். ஒருநாள் அந்த வழியால் வந்த விளையாட்டு அதிகாரி ஒருவர், பதினைந்து பெடியள் கடலை முறைத்துக்கொண்டு இருப்பதைப் பார்த்து என்ன நடக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். நான் விடுவேனா? அகக்காட்சி, மூச்சுக் கட்டுப்பாடு, மூளையின் முன்பகுதி என்று அவிழ்த்துவிட்டேன். அதிகாரி அப்படியே மலைத்துப்போய்ச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு எங்களோடு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் குறட்டை.

ஒருநாள் றிஸ்வான் வாயைக் கட்ட முடியாமல் கேட்டுவிட்டான்.

"அக்கா, குறைநினைக்காதேங்கோ. நீங்கள் எப்பவாவது ஓடினனீங்களோ?"

"ஓடினனான்."

"எங்க?"

"முகாமில. கேற்றுக்கு வெளியால நினைச்ச நேரம் போக ஏலாதுதானே. அதால முகாமைச் சுத்திச் சுத்தி ஓடினனான். எத்தனை சுத்து எண்டு எண்ணியிருந்தா விசர் பிடிச்சிருக்கும்." கண்ணாடியை மேலே தள்ளி மூக்கைத் துடைத்தார். "கதை காணும். ஓடுங்கோ."

அதன் பிறகு நானும் எண்ணுவதை விட்டுவிட்டேன். கடிகாரத்தைக் கழற்றவில்லை, பார்ப்பதை மட்டும் விட்டேன்.

மாகாண அணிக்கான தெரிவுப் போட்டி நெருங்கியபோது அக்கா ஒரு குண்டைப் போட்டார். அன்று கதிரையை விரிக்கவேயில்லை. அதில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"வீட்டில சொல்லிப்போட்டன். இந்த முறை உங்களில ஒருத்தனாவது தெரிவாகேல்லை எண்டா, விசிலைக் கழட்டி அலுமாரிக்குள்ள வைக்கிறன். என்னால ஏலாதடா. உண்மையா ஏலாது."

அக்கா போனால் வேறு யார் வருவார்கள்? சம்பளம் இல்லாத வேலை. மைதானத்தைக் கிரிக்கெட் பெடியள் அடுத்த நாளே எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கிருந்த ஒரே நம்பிக்கை பேசாலை ஊரவன் நிலுக்சன். பத்தாயிரம் மீற்றர் ஓடுகிறவன். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அணியில் இடம். நன்றாக ஓடுவான், ஆனால் அக்கா சொன்னதைத் தவிர எதையும் மண்டைக்குள் ஏற்றமாட்டான்.

போட்டி நாளன்று அவனுக்கு நான் விளக்கினேன். "இருபத்தைந்து சுற்று. கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பாங்கள். மணி கேட்டவுடனே பாயவேணும். அதோட முடிஞ்சுது."

"அக்கா விசில் ஊதுவாவோ?"

"டேய், இது போட்டியடா. இங்க மணிதான்."

"அக்கா ஊதினாத்தான் நிப்பன்" என்று சிலுவை போட்டுக்கொண்டு கோட்டுக்குப் போனான்.

வெயில் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. அக்கா வழக்கம்போல நீலக் கதிரையில், கண்ணாடியோடு, விசிலை வாயில் வைத்தபடி. முந்திய இரவு இடியப்பம் அவித்துவிட்டு அப்படியே பஸ் ஏறி வந்தவர். சுற்றுகள் போய்க்கொண்டே இருந்தன. நிலுக்சன் நான்காவதாக ஓடிக்கொண்டிருந்தான். முன்னால் போன மூவரும் அவனைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

மணி அடித்தது. முன்னால் போன மூன்றுபேரும் பாய்ந்தார்கள். நிலுக்சன் அதே மாட்டுவண்டி வேகத்தில் வந்தான். அவர்கள் கோட்டைத் தாண்டி வானத்தைப் பார்த்துக்கொண்டு விழுந்தார்கள். நிலுக்சன் நான்காவது. ஒரே ஒரு இடத்தால் போய்விட்டது.

ஆனால் அவன் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டும்போது அக்காவைத் திரும்பிப் பார்த்தான். விசில் ஊதவில்லை. தொடர்ந்து ஓடினான்.

"தம்பி, முடிஞ்சுது! நில்லும்!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள். மைதானமே சிரித்தது. றிஸ்வான் தலையில் கைவைத்தான். "அல்லாஹ்வே, மன்னாரின்ர மானம் போகுது!"

முதல் வளைவுக்குள் போயிருப்பான். நடுவர் மேசையில் திடீரென்று ஒரு சலசலப்பு. ஒருவர் தாளைக் காட்டினார், இன்னொருவர் விரலை மடக்கி எண்ணினார், மூன்றாமவர் மணிக்காரரைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது. மணி ஒரு சுற்று முந்தி அடிக்கப்பட்டுவிட்டதாம். ஓட்டம் இன்னும் முடியவில்லையாம்.

விழுந்து கிடந்தவர்களை அவர்களுடைய பயிற்றுநர்மார் தூக்கி நிறுத்தினார்கள். ஒருவனுக்குக் கால் பிடித்துக்கொண்டது. ஒருவன் நொண்டினான். மூன்றாமவன் மட்டும் வெறிபிடித்தவன்போல ஓடி, கடைசி நேரத்தில் நிலுக்சனைப் பிடித்துத் தாண்டினான். நிலுக்சன் இரண்டாவது.

இரண்டாவது! அணியில் இடம்! நாங்கள் வேலியைத் தாண்டிப் பாய்ந்தோம். நிலுக்சனோ அக்காவைப் பார்த்தபடி அடுத்த சுற்றைத் தொடங்கியிருந்தான். றிஸ்வான் அவனை இடுப்பில் கட்டிப்பிடித்து விழுத்தித்தான் நிறுத்தினான்.

எல்லோரும் கதிரைக்கு ஓடினோம். "அக்கா! அக்கா!" அவர் திடுக்கிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கன்னத்தில் விசில் கயிற்றின் தடம் அழகாகப் பதிந்திருந்தது. நடந்ததை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னோம். முழுவதையும் கேட்டார். கன்னத்தைத் தடவினார்.

"எனக்குத் தெரியும். ஒரு சுத்துக் குறையுது. அதான் ஊதேல்லை."

"எண்ணக்கூடாது எண்டு நீங்கள்தானே அக்கா..." என்று தொடங்கிய றிஸ்வானின் காலை நான் மிதித்தேன்.

அக்கா நிலுக்சனின் தலையைத் தடவிவிட்டார். பிறகு மிகவும் மெதுவாக, யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டார்.

"அப்ப நான் நாளைக்கும் வரவேணுமோ?"

எங்கள் ஆட்டபாட்டம் அந்த இடத்தில் அடங்கிவிட்டது. நாங்கள் வென்றதில் அவருக்குக் கிடைத்தது இன்னொரு வருடக் களைப்புத்தான். நிலுக்சன்தான் பதில் சொன்னான்.

"ஓம் அக்கா. ஆனால் இனிக் கதிரையை நான் தூக்கிறன்."

திரும்பி வரும் வாடகை பஸ்ஸில் பாட்டும் மேளமும் இருந்திருக்க வேண்டும். அக்கா முன் இருக்கையில் யன்னலில் தலை சாய்த்து, பஸ் வேகமெடுக்க முதலே தூங்கிவிட்டார். பாட்டைத் தொடங்கியவனின் வாயை யாரோ பொத்தினார்கள். மன்னார்ப் பாலத்தில் ஏறும்போது சாரதி ஹோர்ன் அடிக்கப் போக, றிஸ்வான் பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்தான்.

வெயில் சாயும் நேரம் மன்னார் நிலையத்தில் பஸ் நின்றது. எங்களில் ஒருவரும் எழும்பவில்லை. வீட்டில் சோறு காத்திருந்தது, கால்கள் மரத்துப்போயிருந்தன, உள்ளே வெக்கை அவித்தது.

"என்ன தம்பிமார், இறங்கேல்லையோ?" என்று சாரதி திரும்பிப் பார்த்தார்.

றிஸ்வான் உதட்டில் விரலை வைத்தான்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. அக்கா இன்னும் விசில் ஊதேல்லை."